‘டா கப்போ 2’ நாயகிகளின் ரூட்களை எடைபோடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு விஷுவல் நாவலை, அதாவது படங்களோடும் குரலோடும் படித்துக்கொண்டே போகும் கணினி ஆட்டத்தை, முடித்துவிட்டு வந்தவரிடம் “எந்த ரூட் நன்றாக இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். (நம் தேர்வுகளுக்கேற்ப ஒவ்வொரு நாயகிக்கும் தனியாகப் பிரியும் கதைக்கிளைதான் ரூட்.) பெரும்பாலும் தனக்கு எந்த நாயகியைப் பிடித்தது என்றுதான் சொல்வார். நாயகியைப் பிடிப்பது வேறு, அவளுக்காக எழுதப்பட்ட கதை நன்றாக இருப்பது வேறு. மனதுக்கு மிக நெருக்கமான பெண்ணுக்கு மிக மெலிந்த கதை வாய்த்துவிடுவதுண்டு. முதல் மணி நேரத்தில் எரிச்சலூட்டியவள் கடைசியில் நம்மைத் தூங்கவிடாமல் செய்வதும் உண்டு. இரண்டாம் பாகம் என்று வந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடுகிறது. முதல் பாகத்தின் மேல் இருக்கும் பாசம், புதிய நாயகிகளைப் பார்க்கும் கண்ணிலேயே தூசு போல விழுந்துவிடும்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது ஜப்பானின் சர்க்கஸ் நிறுவனம் 2006 மே 26 அன்று வெளியிட்ட ‘டா கப்போ 2’. முதல் ‘டா கப்போ’ 2002 ஜூன் 28 அன்று வந்தது. பள்ளிக்கூடக் காதலும் நகைச்சுவையும் கலந்த ஆட்டம் இது. கிச்சுக்கிச்சு மூட்டும் பள்ளிக் காதல் என்ற பொருளில்தான் அந்த நிறுவனமே இந்த வரிசைக்கு அடைமொழி கொடுத்தது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. இதன் ஆறு நாயகிகளில் பெரும்பாலானோர் ஒரே ஒரு மரத்தின் நிழலில் நிற்கிறார்கள். அந்த மரம் பட்டுப்போனால் அவர்களிடம் எது மிஞ்சும் என்பதுதான் கதை. ஒரே வினாத்தாளை ஆறு பேருக்கும் கொடுத்தது போல. எடைபோடப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல தராசு எளிதில் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: கதையின் முடிச்சுகள் எல்லாமே இங்கே அவிழ்கின்றன. இன்னும் விளையாடாதவர்கள் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திக்கொண்டு, விளையாடிவிட்டுத் திரும்பி வாருங்கள். இன்னொன்று, இதன் கணினிப் பதிப்பு வயது வந்தோருக்கானது. 2008-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 பதிப்பு பொதுவானது. ரூட்களை எடைபோட அந்தப் பொதுப் பதிப்பே போதும், அதில் நாயகிகளும் அதிகம்.

படி 1: முதல் பாகத்திலிருந்து கையில் இருக்க வேண்டியவை

‘டா கப்போ’ என்பது இசையில் ஒரு குறிப்பு. ‘தொடக்கத்திலிருந்து மறுபடி வாசி’ என்று பொருள். பெயரிலேயே திட்டம் இருக்கிறது. எனவே முதல் பாகத்தில் என்ன வாசிக்கப்பட்டது என்று தெரியாமல் இரண்டாவதை எடைபோட முடியாது.

கதை நடக்கும் இடம் ஹத்சுனெஜிமா என்ற பிறைநிலா வடிவத் தீவு. அங்கே ஆண்டு முழுவதும் செர்ரி பூத்திருக்கும். அதற்குக் காரணம் வேண்டுதல்களை நிறைவேற்றும் ஒரு மந்திர மரம். முதல் பாகத்தின் நாயகன் ஜுனிச்சியால் பிறர் கனவுகளைப் பார்க்க முடியும், தன் உடலின் சக்தியைச் செலவழித்து உள்ளங்கையில் இனிப்புப் பலகாரம் வரவழைக்க முடியும். கோதோரி என்பவளுக்குப் பிறர் மனக்குரல் கேட்கும். மிஹாருவுக்கு வாழைப்பழம் என்றால் உயிர். அவள் விபத்தில் சுயநினைவு இழந்ததும் அவள் இடத்துக்கு அவளைப் போலவே ஒரு ரோபோ வருகிறது, அதற்கு முதுகில் சாவி கொடுக்க வேண்டும். நெமு, ஜுனிச்சியோடு ஒரே வீட்டில் வளர்ந்த, ரத்தத் தொடர்பில்லாத தங்கை. அவள் நோயுற்று இருமும்போது செர்ரி இதழ்கள் வருகின்றன. அந்த நோயின் வேர் சகுரா என்ற சிறுமியின் அறியாத ஆசையில் இருக்கிறது. அதை உணர்ந்த சகுரா மரத்தைப் பட்டுப்போகச் செய்கிறாள்.

இரண்டாம் பாகம் அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் தொடங்குகிறது. ஜுனிச்சி இப்போது தாத்தா. ஆனால் தீவில் செர்ரி மறுபடி ஆண்டு முழுவதும் பூக்கிறது. பட்டுப்போன மரம் எப்படிப் பூத்தது? சகுரா ஏன் இன்னும் சிறுமியின் உருவத்தோடு, அந்தப் பள்ளியின் தலைவராக உட்கார்ந்திருக்கிறாள்? நாயகன் யோஷியுகிக்கு ஜுனிச்சியின் இரண்டு வித்தைகளும் எப்படி வந்தன? முதல் பாகம் படித்தவருக்கு மட்டும்தான் இந்தக் கேள்விகள் முதல் காட்சியிலேயே எழும். படிக்காதவருக்கு அது அழகான பின்னணிப் படம், அவ்வளவுதான்.

முதல் பாகத்தை முழுக்க முடிக்க நேரமில்லாதவர்கள் நெமு, சகுரா, கோதோரி, மிஹாரு ஆகிய நான்கு ரூட்களையாவது படித்துவிட்டு வாருங்கள். அதற்குக் குறைந்தால் எடைபோட வேண்டாம், படித்து ரசித்தால் போதும்.

படி 2: வரிசை

வரிசை தவறினால் தீர்ப்பும் தவறும். நான் முதல் முறை, ஆறு நாயகிகளில் ஒருத்தியான ஒதோமேயின் ரூட்டை முதலில் படித்தேன். மரம் என்ன, நாயகன் யார் என்பதெல்லாம் அங்கே வெளியாகிவிட்டதால், பிறகு படித்த இன்னொரு நாயகி கோகோவின் கதை எனக்கு வெறும் இடைவேளை போலத் தெரிந்தது. குற்றம் கோகோவின் கதையில் இல்லை என்பது இரண்டாம் வாசிப்பில்தான் புரிந்தது.

என் பரிந்துரை: கோகோ, நானாகா, மினாத்சு, அன்ஸு, யுமே, ஒதோமே. நடுவில் உள்ள மூவரை இடம் மாற்றிக்கொள்ளலாம். கோகோவை முதலிலும், ஜுனிச்சியின் பேத்திகளும் அசாகுரா சகோதரிகளுமான யுமே, ஒதோமே இருவரைக் கடைசியிலும் வைப்பதை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். ஒரு ரூட்டின் அழுகை அடுத்த ரூட்டின் முதல் காட்சிவரை நீளும். அந்த ஈரம் காய்ந்த பிறகு அடுத்ததைத் தொடுவதுதான் நியாயம்.

படி 3: கடன் கணக்கு

ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு நாயகியும் முதல் பாகத்திலிருந்து எதை வாங்கி வந்திருக்கிறாள் என்று எழுதுங்கள்.

யுமேவின் கடன்தான் பெரியது. வெளியே ஒழுக்கமான, மரியாதையான மாணவி. வீட்டுக்கு வந்தால் கண்ணாடியும் ஜெர்சியுமாகச் சுருண்டு கிடக்கும் சோம்பேறி. இந்த இரட்டை முகம் நெமுவிடம் இருந்தது. யோஷியுகியை அவள் அழைக்கும் ‘அண்ணா’ என்ற சொல்கூட நெமு ஜுனிச்சியை அழைத்த அதே சொல். ஜப்பானிய எழுத்தில் நெமு, யுமே இரண்டு பெயரிலும் ‘கனவு’ என்ற ஒரே எழுத்து ஒளிந்திருக்கிறது. நானாகாவின் குடும்பப் பெயர் கோதோரியுடையது, பிறர் மனத்தை அறியும் ஆற்றலும் அப்படியே. ஆனால் நானாகாவுக்குத் தொட்டால்தான் தெரியும். மினாத்சுவின் குடும்பப் பெயர் மிஹாருவுடையது. அவளே ஒரு ரோபோ, வாழைப்பழமும் கூட வருகிறது. ஆனால் மிஹாரு ஆசையாகச் சாப்பிட்டதை இவள் வெறுப்போடு சாப்பிடுகிறாள், அதில் உள்ள சத்து இவள் இயங்கத் தேவைப்படுவதால்.

இப்போது ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நகலா, பதிலா? முதல் பாகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது, இங்கே தொட்டால்தான் கேட்கும் என்று மாறியதில் ஒரு பதில் இருக்கிறது. கோதோரி தன் ஆற்றலிலிருந்து தப்பிக்க முடியாதவள். நானாகா ஒவ்வொரு முறையும் கையை நீட்டித் தானே தேர்ந்தெடுப்பவள். குற்றவுணர்வுக்கு இங்கே இடம் உண்டு, அங்கே அவ்வளவு இல்லை. வாழைப்பழ விஷயத்திலும் அப்படித்தான். பிடித்ததைச் சாப்பிடும் மனிதப் பெண்ணிலிருந்து, பிடிக்காததைச் சாப்பிட வேண்டிய இயந்திரப் பெண் வரை வந்திருக்கிறோம். ஒரு பழத்தில் இவ்வளவு தூரம்!

கோகோவுக்கும் அன்ஸுவுக்கும் இந்த நோட்டில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. அவர்கள் சொந்தக் காலில் நிற்கிறவர்கள். கடனில்லாத நாயகிக்கு ஒரு சலுகைப் புள்ளி உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவளைக் கடன்காரிகளோடு ஒப்பிட்டு ‘ஆழமில்லை’ என்று சொல்வது அநியாயம்.

ஒதோமேயின் கடன் ஆளிடமிருந்து வந்ததல்ல, பொறுப்பிடமிருந்து வந்தது. முதல் பாகத்தில் சகுரா செய்ததை, அதாவது மரத்தை நிறுத்துவதை, இங்கே இவள் செய்ய வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

படி 4: சிரிப்பைக் குறித்துக்கொள்ளுதல்

எல்லா ரூட்டுக்கும் பொதுவான தொடக்கப் பகுதி டிசம்பரில், பள்ளியின் கிறிஸ்துமஸ் விழா ஏற்பாடுகளோடு நகர்கிறது. பலர் இதை ‘எப்போது முடியும்’ என்று வேகமாகத் தட்டிக் கடக்கிறார்கள். செய்யாதீர்கள். காதல் நகைச்சுவையில் முதலீடு முழுவதும் இங்கேதான் நடக்கிறது.

மூன்று பெண்கள் எப்போதும் சேர்ந்தே திரிவார்கள்: யுகிமுரா அன்ஸு, த்சுகிஷிமா கோகோ, ஹனசாகி அகானே. குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகள் பனி, நிலா, பூ. ஜப்பானியக் கவிதை மரபில் பருவ அழகைச் சொல்லும் மூன்று சொற்கள் அவை, அந்தச் சேர்க்கையே இவர்கள் குழுவின் பெயர். இதில் அன்ஸு விஷநாக்கு, அகானே அவளுக்குத் தோதாகத் தூண்டிவிடுபவள், இருவரிடமும் மாட்டிக்கொண்டு முகம் சிவப்பவள் கோகோ. இன்னொரு பக்கம் சுகினாமி என்ற குறும்புக்காரன். இதே பெயரோடும் இதே குணத்தோடும் ஒருவன் முதல் பாகத்திலும் இருந்தான். அவனைத் துரத்துவதே மாணவர் மன்றத் துணைத் தலைவி மயுகிக்கு வேலை.

நகைச்சுவையை எடைபோட நான் இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறேன். முதலாவது எளிது. வசனப் பெட்டியில் பேசுபவர் பெயரை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு பாத்திரத்திலிருந்து வருகிறது. தெரியாவிட்டால் யாருடைய வாயிலும் வைத்திருக்கக்கூடிய சிரிப்பு அது.

இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். தொடக்கப் பகுதியில் உங்களைச் சிரிக்க வைத்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். அன்ஸு எதையும் மறப்பதில்லை, யாரோ எப்போதோ சொன்ன சங்கடமான வாக்கியத்தை நாள், நேரத்தோடு எடுத்துப் போடுவாள், நாம் சிரிப்போம். நானாகா எல்லோரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்வாள், கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள், பையன்கள் தடுமாறுவார்கள். மினாத்சு முகத்தைச் சுளித்தபடி வாழைப்பழத்தை விழுங்குவாள். பிறகு ஒவ்வொரு ரூட்டும் முடிந்ததும் இந்தப் பட்டியலுக்குத் திரும்பி, எந்தச் சிரிப்பு வலியாகத் திரும்பி வந்தது என்று கோடு போடுங்கள். அன்ஸுவின் ஞாபகம், நானாகாவின் கை, மினாத்சுவின் பழம் என்று மூன்றுமே திரும்பி வருகின்றன. சிரிக்க வைத்ததையே அழவும் வைக்கத் தெரிந்தவர்தான் இந்த வகையைப் புரிந்து எழுதியவர். சிரிப்பை ஒரு பக்கமும் சோகத்தை இன்னொரு பக்கமும் தனித்தனியாக ஒட்டியிருந்தால், மதிப்பெண்ணைத் தயங்காமல் குறையுங்கள்.

படி 5: நட்பு காதலாகும் இடம்

இந்த இடத்தில் நாயகியைப் பார்க்காதீர்கள், நாயகனைப் பாருங்கள். யோஷியுகி ஏதாவது செய்கிறானா, அல்லது அவனுக்கு எல்லாம் நடக்கிறதா? அவன் எதையாவது இழக்கத் துணிகிறானா?

கோகோவின் ரூட் இங்கேதான் சோதிக்கப்பட வேண்டும். அவள் சிறுவயதுத் தோழி. இருவருக்கும் பொதுவான நண்பன் வதாருவுக்கு அவள் மேல் ஒருதலைக் காதல். இசைக்குழுவில் அவளோடு கூடவே இருப்பவனும் அவன்தான். மந்திரமோ மர்மமோ முன்னால் வராமல், மூன்று பேர் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் கதை இது. வதாருவின் முகத்தைக் கதை எத்தனை முறை நமக்குக் காட்டுகிறது, அவனுக்குப் பேச இடம் கொடுக்கிறதா, அல்லது ஒரு நகைச்சுவையோடு ஓரம் கட்டுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். கோகோவின் தயக்கத்துக்கு எடை கிடைப்பதே தோற்றவனை எவ்வளவு மரியாதையோடு நடத்துகிறார்கள் என்பதால்தான்.

ஒதோமேயின் ரூட்டில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். யோஷியுகியை அவள் ‘தம்பி’ என்றே கூப்பிடுகிறாள். ஆங்கிலத்தில் இதைப் படிப்பவர்களுக்கு இந்த அழைப்பு விசித்திரமாகத் தெரியும், பல விமர்சனங்களில் அந்த நெளிவைப் பார்க்கலாம். ரத்த உறவு இல்லாதவரையும் தம்பி என்று கூப்பிடும் மொழி நம்முடையது என்பதால் நமக்கு அதில் ஒரு அனுகூலம் உண்டு. அந்தச் சொல்லில் உரிமையும் பாதுகாப்பும் ஒரு தடுப்புச்சுவரும் சேர்ந்தே இருப்பது நமக்கு உடனே புரியும். காதல் வந்த பிறகு அதே சொல் எந்தத் தொனியில் வருகிறது என்று குரல் நடிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். மொழிபெயர்ப்பு வரியை மட்டும் படித்துவிட்டு இந்த ரூட்டுக்கு மதிப்பெண் போட்டால் பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 6: கவசம் கழலும் இடம்

இந்த வழிகாட்டியே இந்தப் படிக்காகத்தான். ஒவ்வொரு நாயகிக்கும் ஒரு கவசம் இருக்கிறது. கர்ணனுக்கு இருந்தது போல அது உடம்போடு ஒட்டியது, கழற்றினால் சதையும் சேர்ந்து வரும். ரூட் அதைக் கழற்றுகிறதா, கழற்றிய பிறகு அவள் யார் என்று சொல்கிறதா என்பதே என் முதன்மையான அளவுகோல். காதல் சொல்லும் காட்சி எவ்வளவு இனிக்கிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கதையின் பின்னணி இது. சகுரா அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து இன்னொரு மரத்தை வளர்த்தாள், ஆனால் அது குறைபாடுள்ள மரம். நல்லது கெட்டது பார்க்காமல் எல்லா ஆசைகளையும் நிறைவேற்றத் தொடங்குகிறது. தீவில் விபத்துகள் பெருகுகின்றன. கடைசியில் மரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. மரம் நின்றால் அது கொடுத்ததெல்லாம் போகும்.

அன்ஸுவின் மறக்காத ஞாபகம் அந்த மரம் கொடுத்தது. அது போகும்போது ஒரு வித்தை மட்டும் போகவில்லை. அவளுடைய விஷநாக்கு, திமிர், நண்பர்கள் நடுவில் அவளுக்கு இருந்த இடம் எல்லாமே அந்த ஞாபகத்தின் மேல் கட்டப்பட்டவை. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தவள் நேற்றைப் பிடித்து வைக்கப் போராடுகிறாள். என் கணக்கில் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த ரூட் இதுதான். கவசம் அவளுடைய நகைச்சுவையாகவும், அறிவாகவும், அடியில் இருக்கும் பயமாகவும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறது. அதை எடுத்ததும் மூன்றும் ஒன்றாகச் சரிகின்றன. இங்கே நீங்கள் எடைபோட வேண்டியது, காதலன் அவளுக்காக நினைவில் வைத்திருப்பவனாக மட்டும் மாறிவிடுகிறானா, அல்லது அவளே தன்னை மறுபடி கட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறதா என்பது. நோட்டில் இரண்டு வரியாவது இதற்கு எழுதுங்கள்.

நானாகாவின் கவசம் தொடுகை. எல்லோருக்கும் பிடித்தமான பெண்ணாக அவள் இருப்பதற்குக் காரணம், எதிரில் இருப்பவர் மனத்தில் இருப்பதை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வது. ஆற்றல் போனதும் முதன்முறையாக ஒருவரின் மௌனத்தைக் கண்டு பயப்படுகிறாள். எண்ணமாக இது அபாரம். ஆனால் அந்த எண்ணத்துக்குக் கதை கொடுக்கும் இடம் எனக்குப் போதவில்லை. தெரியாமல் நேசிப்பது எப்படி என்று அவள் கற்கும் நாட்கள் இன்னும் மெதுவாகக் கடந்திருக்க வேண்டும். கோதோரியின் ரூட்டோடு அருகருகே வைத்துப் படியுங்கள், எது பதில், எது எதிரொலி என்று தெரியும்.

மினாத்சுவின் கவசம், மனிதப் பெண்ணாக வேடம் போட்டிருப்பது. குகையில் கண்டெடுக்கப்பட்டு விழித்தவள், மனிதர்களை வெறுப்பவள், அவர்கள் நடுவிலேயே மாணவியாக வாழ்கிறாள். உண்மை வெளிப்பட்டதும் பள்ளி எப்படிப் பார்க்கிறது என்பதுதான் சோதனை. இங்கே நாயகியைவிடச் சுற்றியிருப்பவர்களை எடைபோடுங்கள். முந்தைய நாள் வரை அவளோடு சிரித்த வகுப்பு என்ன செய்கிறது? பெயரில்லாத மாணவர்கள் எல்லோரும் கெட்டவர்கள், பெயருள்ள நண்பர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று கதை வசதியாகப் பிரித்துக்கொள்ளும் இடங்களில் கோடு போட்டு வையுங்கள்.

கோகோவின் கவசம் ‘சிறுவயதுத் தோழி’ என்ற பட்டம். காதலைச் சொன்னால் அந்தப் பட்டம் போகும். மற்றவர்களுடையதைப் போல இது பளிச்சென்று தெரியாது. அதனால்தான் இந்த ரூட்டை மெலிதானது என்று பலர் ஒதுக்குகிறார்கள்.

இன்னொரு கேள்வியை ஒவ்வொரு ரூட்டிலும் தவறாமல் கேளுங்கள்: இந்தக் கதையில் மரம் என்ன ஆனது, அப்போது யோஷியுகி எந்த நிலையில் இருக்கிறான்? ஏன் இந்தக் கேள்வி என்பது அடுத்த படியில் தெரியும். கடைசி ரூட்டில் சொல்லப்படும் விதிக்கு முதல் ரூட் கட்டுப்படுகிறதா என்று சரிபார்ப்பது, பல ரூட்கள் கொண்ட கதையை எடைபோடுகிறவரின் கடமை.

படி 7: இரு சகோதரிகள், ஒரே நிகழ்ச்சி

யோஷியுகியே ஒரு வேண்டுதல். குடும்பம் வேண்டும் என்று சகுரா மரத்திடம் கேட்டதால் வந்தவன். அவன் குடும்பப் பெயரை எழுதும் எழுத்துகளில் செர்ரியும் ‘உள்ளே’ என்பதும் இருக்கின்றன. விடை முதல் நாளிலிருந்தே அவன் பெயரில் எழுதியிருந்தது. மரம் நின்றால் அவனும் மறைவான், பிறர் நினைவிலிருந்தும் அழிவான். ஐந்தாவது கவசம் நாயகனுடையது, அது அவனுடைய இருப்பேதான்.

இதை யுமே முன்பே அறிவாள். அவளுக்கு வரப்போவதைக் காட்டும் கனவுகள் வருகின்றன. ஜுனிச்சிக்குப் பிறர் கனவு தெரிந்தது, பேத்திக்கு நாளைய கனவு தெரிகிறது. ஒதோமேக்கு முடிவெடுக்கும் பொறுப்பு. மரத்தை அடக்க சகுரா தன்னையே அதற்குள் கொடுத்துவிட்ட பிறகு, தீவைக் காப்பதா தம்பியைக் காப்பதா என்ற கேள்வி மாணவர் மன்றத் தலைவியான இந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது.

இரண்டையும் தனித்தனி ரூட்டாக எடைபோடாதீர்கள். ஒருத்தி தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாதவள், மற்றவள் செய்தே ஆக வேண்டியவள். ஒரே துக்கத்தை இரண்டு ஜன்னல்களிலிருந்து பார்க்கிறோம். யுமேவின் ரூட் திரும்பப் படிக்கும்போது வளர்கிறது. ஒதோமேயின் ரூட் முதல் வாசிப்பிலேயே முழு பலத்தோடு அடிக்கிறது. என்னிடம் கேட்டால் யுமேவுக்குத்தான் ஒரு படி மேலே இடம் கொடுப்பேன். மௌனமாக இருப்பதை வசனங்களால் ஆன ஒரு வடிவத்தில் எழுதிக் காட்டுவது மிகக் கடினம். அவளுடைய எரிச்சல், சோம்பல், விலகல் எல்லாம் அந்த மௌனத்தின் உடைகள் என்று தெரியும்போது தொடக்கப் பகுதி முழுவதுமே வேறு கதையாகிவிடுகிறது.

மறைந்தவன் திரும்பி வருவதையும் எடைபோட வேண்டும். காதல் நகைச்சுவை வாசகரை வெறுங்கையோடு அனுப்பாது, அது இந்த வகையின் ஒப்பந்தம். அதனால் ‘ஏன் திரும்பி வந்தான்’ என்று கோபப்படுவதில் நியாயமில்லை. யார் என்ன விலை கொடுத்தார்கள், காத்திருந்த நாட்கள் கதைக்குள் உண்மையான நாட்களாகக் கழிந்தனவா என்று கேளுங்கள். சகுராவின் விலையையும் மறக்காதீர்கள். முதல் பாகத்தில் தன் ஆசையால் பிறருக்கு வந்த நோயைக் கண்டு மரத்தை அழித்த சிறுமி, ஐம்பது ஆண்டுத் தனிமைக்குப் பிறகு இன்னொரு ஆசைப்பட்டுவிட்டாள். இரண்டாம் பாகத்தின் ஆழமான காதல் கதை எந்த நாயகியுடையதும் இல்லை, ஒரு தாயுடையது என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

படி 8: மறுவாசிப்பு, பிறகு மதிப்பெண்

ஆறும் முடிந்ததும் உடனே மதிப்பெண் போடாதீர்கள். தொடக்கத்துக்குப் போங்கள். பனி பெய்யும் ஒரு நாளில் சிறுவன் யோஷியுகியை சகுரா கைப்பிடித்து அசாகுரா வீட்டுக்கு அழைத்து வரும் முன்கதையை மறுபடி படியுங்கள். பிறகு டிசம்பர் காட்சிகளில் யுமே வரும் இடங்களை மட்டும் நிறுத்திப் படியுங்கள். படித்த வரிகளைத் தாண்டும் வசதி இருப்பதால் இது ஒரே மாலையில் முடியும் வேலை.

மதிப்பெண் முறை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், சராசரி மட்டும் வேண்டாம். நான் பத்தில் ஐந்தைக் கவசம் கழலும் படிக்கும், மூன்றைச் சிரிப்பு திரும்பி வருவதற்கும், இரண்டைக் கடன் கணக்குக்கும் வைக்கிறேன். அந்த வகையில் என் வரிசை அன்ஸு, யுமே, ஒதோமே, மினாத்சு, கோகோ, நானாகா. நானாகா கடைசியில் வருவது எனக்கே வருத்தம்தான். ஆனால் நல்ல எண்ணத்துக்கு மதிப்பெண் கொடுத்து, எழுதப்பட்ட கதைக்குக் கொடுக்காமல் விட முடியாது. உங்கள் வரிசை மாறலாம். மாறினால், ஐந்து மதிப்பெண் கொடுத்த இடத்துக்கு எந்தக் காட்சி காரணம் என்று ஒரே காட்சியைச் சுட்டிக்காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நீங்கள் நாயகிக்குத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்.

அனிமே பார்த்தவர்களுக்கு ஒரு சொல். 2007-ல் வந்த முதல் தொடர் கோகோவையும் மினாத்சுவையும் முன்னிறுத்தியது, 2008-ல் வந்த அடுத்தது சகோதரிகள் பக்கம் போனது. ஒரே நேர்கோட்டுக் கதையாக்க வேண்டியிருந்ததால் அதில் கோகோவின் காதலுக்கு நேர்வது வேறு. அந்த ஞாபகத்தை ஆட்டத்தின் ரூட்டில் ஏற்றாதீர்கள். பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் அகானே, மயுகி போன்றோருக்கும் சொந்த ரூட்கள் உண்டு. அவற்றைத் தனிப் பக்கத்தில் எடைபோடுங்கள், பின்னால் சேர்க்கப்பட்ட கதைகளை முதலில் கட்டப்பட்ட ஆறோடு ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

விமர்சனம் எழுத உட்காரும்போது யோஷியுகி யார் என்பதை மட்டும் முதல் பாதியில் சொல்லிவிடாதீர்கள். அன்ஸு, நானாகா, மினாத்சு, கோகோ நால்வரையும் பற்றி அதைச் சொல்லாமலே நேர்மையாக எழுத முடியும். சகோதரிகளுக்கு வரும்போது வாசகரிடம் கேட்டுவிட்டுக் கதவைத் திறங்கள்.